எப்சிபாவுக்கு நான் சொல்லிக்குடுத்த இங்கிலீஷு

சன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்கு ஓரத்துல இருந்தாத்தான் காலை நீட்ட வசதி. திருவனந்தபுரம் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். ஏர்போர்ட்டுக்கு. இல்ல, நான் பிளேன் ஏறல. எம் பொண்டாட்டி ஏறுதா. அயர்லாந்துக்கு, நர்ஸ் வேலைக்கு. சாயங்காலம் பிளேனு. அவ உள்ள போறதுக்கு முன்னால நான் போய்ச் சேரணும். சேந்துருவேன்லா? இந்த டிரைவர் உருட்டுத உருட்டைப் பாத்தா தக்கலை தாண்டவே பொழுது போயிரும் போலருக்கு.

பொண்டாட்டிய வழியனுப்பப் போறவன் தனியா பஸ்ல போறானேன்னு பாக்கிய. பாக்கத்தான் செய்விய. நாலு பேரு கேட்டா நாலு விதமாப் பேசுவாவ, அதனால நான் யாருகிட்டயும் வாய் திறக்கது இல்ல. உங்க முகத்தைப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க. அவளை அந்தப் பிளேன்ல ஏத்தி விடுததே நான்தான். வேற ஒருத்தனும் இல்ல.

எனக்கு வள்ளியூர்ல பேட்டரி கடை. ஆமோஸ் பேட்டரிஸ்னு போர்டு போட்டிருக்கும், மெயின் ரோட்டுலதான். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் பாப்பேன். கீழ கடை, மாடியில வீடு. பி.ஏ. வரைக்கும் போனேன், இங்கிலீஷ் பேப்பர் மட்டும் நின்னு போச்சு. எழுதுனா இன்னைக்கும் பாஸாயிருவேன், எழுதல. அத விடுங்க. அவ பேரு எப்சிபா. பைபிள்ல வாற பேரு. ஆஸ்பத்திரியில நல்ல பேரு அவளுக்கு. எப்சிபா சிஸ்டர் ஊசி போட்டா வலிக்காதும்பாவ. வீட்டுலயும் வாய் பேச மாட்டா. கல்யாணம் ஆன புதுசுல இவளுக்குப் பேச்சு வருமா வராதான்னே எனக்கு ஒரு சந்தேகம்.

வெளிநாடு போகணும்னா நர்ஸ்மாருக்கு ஒரு இங்கிலீஷ் பரீட்சை உண்டு, கேள்விப்பட்டிருப்பிய. எழுதணும், பேசணும், எல்லாம் இருக்கு. அவ பாஸாயிட்டா முதல்ல அவ போவா. பொறவு புருஷன்னு எழுதிக் குடுத்து என்னையும் கூப்பிட்டுக்கிடலாம். இதான் பிளானு. கடையைக் குடுத்துட்டு, அந்தக் குளிர்ல கோட்டு போட்டுக்கிட்டு ரோட்டுல நடக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. இந்த ஆசிட் நாத்தத்துல கிடந்து எத்தனை காலம் சாகுதது? ஆசைப்பட்டது தப்பா?

முதல் தடவை ஃபெயிலாயிட்டா. கோச்சிங் சென்டர்காரன் எனக்குப் போன் போட்டுச் சொன்னான். நல்லாத்தான் எழுதுதாவ சார், சின்னச் சின்ன வார்த்தையிலதான் கோட்டை விடுதாவ, வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்கன்னான். கவனிச்சுக்கிடுங்கன்னு எங்கிட்டத்தான சொன்னான்? சரின்னு கவனிச்சேன்.

பெரிய வார்த்தையெல்லாம் அவளுக்கு அத்துபடி அண்ணாச்சி. நமக்கு வாயில நுழையாத மருந்து பேரு, நோய் பேரு எல்லாம் ஒரு எழுத்து பிசகாம எழுதுவா. இந்தச் சின்ன சவங்கதான் ஆளைக் கவுத்துரும். அதைவிட இது பெருசுன்னு சொல்லுததுக்கு ஒரு தேன். அதுக்குப் பொறவுன்னு சொல்லுததுக்கு ஒரு தென். நடுவுல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எங்கன்னு கேக்க ஒரு வேர், இருந்தாவன்னு சொல்ல இன்னொரு வேர். ஆஃப்ங்கதுல ஒத்தை எஃப் ஒண்ணு, ரெட்டை எஃப் ஒண்ணு. நமக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் கேக்கும். பேப்பர் திருத்துதவனுக்கு அப்படி இல்லையே. நாகர்கோவிலுக்குப் போய், குழப்புத வார்த்தைகளுக்குன்னே தமிழ் அர்த்தத்தோட ஒரு புக்கு இருந்தது, வாங்கிட்டு வந்தேன். ராப்பகலா நான் உக்காந்து படிச்சேன். அவ பரீட்சைக்கு நான் படிச்சேன். எந்தப் புருஷன் செய்வான்?

அவளுக்குப் பாதி நாளு நைட் டூட்டி. காலையில வந்து குளிச்சிட்டு கட்டில்ல விழுந்தா மத்தியானம்தான் எந்திரிப்பா. இது சரிப்படாதுன்னுட்டேன். வந்த உடனே, கண்ணு மூடதுக்கு முன்னால, ஒரு மணி நேரம் எழுதணும். நான் சொல்லச் சொல்ல எழுதணும். கண்ணு சொருகும் அவளுக்கு. சொருகுனா முகத்துல தண்ணி தெளிப்பேன். அதுக்கும் அடங்கலைன்னா ஒரு தட்டு. முதல்ல எல்லாம் வெறும் கையாலதான், சும்மா தோள்ல.

பொறவு பாத்தேன், கைக்கு ஒரு கணக்கு இல்ல. தேனுக்கும் ஒரே அடி, வேருக்கும் ஒரே அடின்னா எப்படி மனசுல நிக்கும்? எங்கிட்ட கடையில வயரு கிடக்கு, பேட்டரி வயரு, விரல் தண்டி இருக்கும். சிவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. தென்னும் தேனும் மாறினா கறுப்பு. வேரு மாறினா சிவப்பு. மத்ததுக்கு எது கையில வருதோ அது. எடுக்கும்போதே அவளுக்குத் தெரிஞ்சிரும், எந்த வார்த்தையில தப்பு விட்டோம்னு. வயரைப் பாத்த உடனே அடிச்சுத் திருத்தி எழுதிருவா. சென்டர்ல அவ்வளவு ரூவா வாங்குதான், இந்த மாதிரி ஒரு வழி அவனுக்குத் தோணுச்சா?

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? முகத்துல நான் ஒருநாளும் கை வச்சதே இல்ல. நாலு பேரு பாக்குத வேலை. எழுதுத கையையும் தொட மாட்டேன், பரீட்சை இருக்குல்லா. முதுகு, தொடை, இடது கை. யூனிபார்ம் போட்டா ஒண்ணும் வெளிய தெரியாது. அந்த அளவுக்கு யோசிச்சுத்தான் செஞ்சேன். எங்க தெருவுல குடிச்சிட்டு வந்து பொண்டாட்டி தலைமுடியப் பிடிச்சு ரோட்டுல இழுத்துட்டுப் போறவன் இருக்கான். அவனையும் என்னையும் ஒண்ணாச் சேக்கப்பிடாது. நான் குடிக்கது இல்ல.

ஏ தம்பி, என் பையை மிதிக்காதே. கண்ணு என்ன பொறத்தாலயா இருக்கு? தள்ளி நில்லு. கையப் பிடிச்சு முறுக்கினேன்னா தெரியும். போ அங்கிட்டு. பாத்தியளா அண்ணாச்சி, சொன்ன உடனே போயிட்டான். எல்லாரும் கொஞ்சம் கண்டிப்பாச் சொன்னாத்தான் கேப்பானுவ.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ஒருநாள் என்ன செஞ்சா தெரியுமா. நான் தப்புன்னு சுழிச்ச இடத்துல விரலை வச்சு, இது சரிதாங்க, புக்கைப் பாருங்கன்னா. எங்கிட்ட. மெதுவாத்தான் சொன்னா, தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான். ஆனா சொல்லிட்டாளே. நான் புக்கைப் புரட்டிப் பாத்தேன். பாத்தா அவ எழுதுனதுதான் சரி. சரியாவே இருக்கட்டும். சொல்லித்தாறவன் முகத்துக்கு நேரா அப்படிச் சொல்லலாமா? இன்னைக்கு வீட்டுல என்னையத் திருத்துவா, நாளைக்கு அயர்லாந்துக்குப் போய் அங்கன உள்ளவன் முன்னால திருத்துவா. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துட்டு. அவ எந்திரிச்சுப் போய் பீரோவுல இருந்து துணி எடுத்துக்கிட்டு நிக்கா, இடது கை கதவு இடுக்குல இருக்கு. கதவை ஓங்கி அடைச்சேன். இரும்பு பீரோ. ரெண்டு விரலு ஒடிஞ்சு போயிட்டு, மணிக்கட்டுலயும் எலும்பு விட்டுட்டு.

அவ கத்தவே இல்ல அண்ணாச்சி. வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. நான்தான் ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லுன்னேன். இங்கிலீஷ்லயே சொல்லு, பழகுன மாதிரியும் இருக்கும்னேன். அப்படியே சொன்னா. மாவுக்கட்டு போட்டு வந்த பொறவு நான்தான் சோறு பிசைஞ்சு ஊட்டி விட்டேன். தலை பின்னி விட்டேன். பின்னத் தெரியாது எனக்கு, இருந்தாலும் பின்னினேன். இதையெல்லாம் ஸ்டேஷன்ல ஒருத்தரும் கேக்கல.

ஸ்டேஷனா? வாறேன், அதுக்குத்தான் வாறேன்.

எழுத்து ஒரு வழிக்கு வந்துட்டு. பேச்சுதான் பாக்கி. இந்தப் பரீட்சையில பேச்சுன்னா, ஒருத்தி நர்ஸாட்டம் பேசணும், எதுத்தாப்புல ஒருத்தி நோயாளியாட்டம் பேசணும். அவகூடப் படிச்ச லீமான்னு ஒருத்தி ஏற்கனவே அயர்லாந்துல இருக்கா. அவகூட தினமும் மத்தியானம் போன்ல பேசிப் பழகட்டுமான்னு கேட்டா. பேசு, ஆனா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும், நான் பக்கத்துல இருப்பேன்னேன். சரின்னுட்டா.

நான் எப்படிக் கேப்பேன் தெரியுமா. பெரிய வார்த்தை வந்தா விட்டுருவேன். அது அவளுக்குத் தெரியும், அவ பாத்துக்கிடுவா. சின்னது மட்டும்தான் என் வேலை. மத்தது எல்லாம் காதுல விழும், அப்படியே போயிரும். கல்லு பொறுக்குதவன் கண்ணுக்கு அரிசி தெரியுமா? அந்த மாதிரி.

ஒருநாள் எப்சிபா நோயாளி, லீமா நர்ஸு. எப்பவும் தயங்கித் தயங்கிப் பேசுதவ, அன்னைக்குக் கடகடன்னு பேசுதா. எனக்கே ஆச்சரியம். மை ஹஸ்பெண்ட்ங்கா. எவ்ரி டே-ங்கா. அந்தப் பக்கம் லீமா என்னமோ கேக்கா. இவ, ஹி இஸ் ஹியர், ஹி இஸ் ஆன் த பெட்ங்கா. ஆன்-னு சொன்னா பாருங்க, இன்-னு சொல்லல. நான் கட்டில்ல இருந்துக்கிட்டு மனசுக்குள்ள சபாஷ் போட்டேன். லீமா அந்தப் பக்கம் ஓ மை காட், ஓ மை காட்ங்கா. நல்லா நடிக்கான்னு நினைச்சேன்.

முடிச்ச பொறவு கேட்டேன், "யாருட்டி அது, புருஷன் புருஷன்னு சொல்லிக்கிட்டிருந்தியே?"

"எங்க வார்டுல ஒரு பேஷண்டுங்க. புருஷன் அடிச்சு வந்து கிடந்தா. அவ கேஸைத்தான் எடுத்துப் பேசினேன்."

"எதுக்கு அடிச்சானாம்?"

"தெரியலைங்க."

"ஒண்ணும் இல்லாம ஒருத்தன் கைய ஓங்குவானா? அவளுக்கு வாய் நீண்டிருக்கும்."

"இருக்கும்"னா. சொல்லிட்டு எந்திரிச்சுப் போய் ஒத்தக் கையால உலை வச்சா. மாவுக்கட்டு அப்போ இன்னும் பிரிக்கல.

அதுல இருந்து தினமும் அந்தப் பேஷண்டு கதைதான். நானும் ஒண்ணும் சொல்லல. ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பேசினா பேச்சு நல்லா வரும்னு விட்டுட்டேன். ஒருநாள் நடுவுல, கட்டில்ல இருந்து விழுந்தேன்னு சொல்லுத இடத்துல ஒத்தை எஃப்பைப் போட்டுட்டா. பேசும்போது எப்படித் தெரியும்பிய. தெரியும், உச்சரிப்பு வேற, ஒண்ணுல வ வரும். நான் படிச்சு வச்சிருக்கேன்லா. போன் ஸ்பீக்கர்ல இருக்கு, லீமா அந்தப் பக்கம் இருக்கா, எனக்கு அதெல்லாம் தோணல. கையில வயரு இருந்துச்சு, முதுகுல விட்டேன் ஒண்ணு. "ஒத்தை எஃப்பா ரெட்டை எஃப்பா, சொல்லுட்டி"ன்னேன். இன்னொண்ணு விட்டேன். போன்ல லீமா, எப்சி, எப்சின்னு கூப்பிடுதா. இவ மூச்சை இழுத்துக்கிட்டு, ஒண்ணும் இல்ல, சேர் விழுந்துட்டுன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு, அந்த வார்த்தையைத் திருத்திச் சொல்லி, மேல பேசிக்கிட்டே போனா. அந்த அடிக்குப் பொறவு அவளுக்கு அந்த வார்த்தை தப்புனதே இல்ல.

பரீட்சை எழுதுனா. ரிசல்ட் வந்தது. பாஸு. சும்மா பாஸ் இல்ல, நல்ல மார்க்கு. கடைக்கு முன்னால நின்னு போறவன் வாறவனுக்கெல்லாம் லட்டு குடுத்தேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஸ்தோத்திர காணிக்கை வச்சு, முன்னால போய் நின்னு சாட்சி சொன்னேன். எங்க சபையில அப்படி ஒரு வழக்கம் உண்டு, நல்லது நடந்தா எல்லாரும் கேக்கச் சொல்லணும். என் மனைவி முதல் தடவை தோத்துப் போனா, நான் பக்கத்துல இருந்து சின்ன வார்த்தைகளைச் சொல்லிக்குடுத்தேன், கர்த்தர் என் கைகளை ஆசீர்வதிச்சார்னேன். சபையே அல்லேலூயா சொல்லிச்சு. பொம்பளைங்க பக்கம் பாத்தேன். எப்சிபா முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு, தலையில முக்காடு போட்டு, குனிஞ்சு உக்காந்திருந்தா. அழுதா. சந்தோஷத்துல அழுதான்னு நினைச்சேன்.

பொறவு விசா வேலைன்னு சென்னைக்குப் போனா. நானும் வாறேன்னேன், கடையை யாரு பாப்பான்னா. அதுவும் சரிதான்னு விட்டுட்டேன். போனவ வரல. போன் போட்டா எடுக்கல. எடுக்கலைன்னா எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு நாளு சோறு இறங்கல. என்னமோ ஆயிட்டு அவளுக்குன்னு, பஸ்ஸு லாரின்னு என்னென்னமோ நினைச்சு நான் துடிச்சேன். மூணாம் நாளு எங்க ஊரு மகளிர் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து எனக்குப் போன் வருது, வந்துட்டுப் போங்கன்னு.

போனா, மேசை மேல ஒரு போனை வச்சு ஓட விடுதாவ. அந்த லீமா சண்டாளி எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கா. நான் அடிச்ச சத்தம் கேக்கு. என் கொரலும் கேக்கு, ஒத்தை எஃப்பா ரெட்டை எஃப்பான்னு. எப்சிபா பேசப் பேச, இன்ஸ்பெக்டரம்மா நிப்பாட்டி நிப்பாட்டி எனக்குத் தமிழ்ல சொல்லுதா. கறுப்பு வயரு, சிவப்பு வயரு, பீரோ கதவு. இவர் இப்ப எம் பக்கத்துலதான் கட்டில்ல இருக்காரு, இவருக்குப் புரியாதுன்னு சொல்லியிருக்கா. அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும், அந்தப் பேஷண்டு யாருன்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. எம் முன்னாலயே. என் வீட்டுல, என் கட்டில்ல நான் இருக்கும்போதே. நான் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ்ல என்னைப் பத்தியே. வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி, நெஞ்சு எரிஞ்சுட்டு. இதைவிட ஒரு துரோகம் உண்டுமா? "ஆனா பாத்துக்கிடுங்க மேடம், ஒரு இடத்துல கூட தப்பு இல்ல"ன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். அந்த அம்மா எந்திரிச்சு வந்து என் கன்னத்துல அறைஞ்சா. காது ஞொய்ங்னு ஆயிட்டு. முகத்துல அடிக்கலாமா ஒரு மனுஷனை? நான் ஒருநாளும் அவ முகத்துல அடிச்சதில்லையே.

கேஸு போட்டாவ. உள்ள வச்சாவ. ஜாமீன்ல வந்தேன். அவ பக்கமே போகக்கூடாதுன்னு கோர்ட்டுல எழுதிட்டாவ. ஊர்ல ஒருத்தன் பேட்டரி வாங்க வரல. சர்ச்சுல எம் பெஞ்சுல ஒருத்தன் உக்கார மாட்டேங்கான். எல்லாம் அன்னைக்கு அல்லேலூயா சொன்னவனுவதான். நான் அவ பொறந்த வீட்டுக்குப் போய், அவ எங்க இருக்கான்னு மட்டும்தான் கேட்டேன். அவ தம்பி கதவை மறிச்சுக்கிட்டு நின்னான். நேத்து முளைச்ச பய, என்னைப் பாத்து வெளிய போடாங்கான். கையில ஸ்பேனர் இருந்துச்சு. மண்டையில தையல் போட்டிருக்காவளாம். மறிக்காம இருந்திருந்தா எதுக்குத் தையல்?

இன்னைக்குப் பிளேன்னு அவ சித்தி மவன்தான் சொன்னான். அவனும் சும்மா சொல்லல, விரலைப் பிடிச்சு மடக்கின பொறவுதான் சொன்னான். புது போன் நம்பரும் அவன் குடுத்ததுதான்.

இப்ப எனக்கு அயர்லாந்தும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். நீங்கதான் என்னை பாஸ் பண்ண வச்சிய, நீங்க இல்லைன்னா நான் இல்லைன்னு ஒரு வார்த்தை அவ எம் முகத்தைப் பாத்துச் சொல்லணும். அங்கன நாலு பேரு நிக்கும்போது சொல்லணும். சபையில சாட்சி சொன்ன மாதிரி. அவ்வளவுதான் எனக்கு வேணும். சொல்லிட்டான்னா போயிட்டு வா மகராசின்னு அனுப்பி வச்சிருவேன்.

சொல்லலைன்னாவா?

இப்ப மடியில எடுத்து வச்சனே, இந்தப் பையில ஒரு பாட்டில் இருக்கு. தண்ணி பாட்டில்தான், உள்ள தண்ணி இல்ல. பேட்டரிக்கு ஊத்துத ஆசிட்டு. நகராதிய அண்ணாச்சி, மூடி இறுக்கமாத்தான் இருக்கு, இத்தனை வருஷம் பழகுன கை. சும்மா காட்டத்தான். காட்டினா பயந்து சொல்லிருவா. வயரைப் பாத்தாலே திருத்திக்கிடுதவதான அவ. சொல்ல மாட்டேன்னு பிடிவாதமா நின்னா அப்போ என்ன செய்வேன்னு எனக்கே தெரியல. முகம் இருந்தாத்தான அங்க போயி வேலை பாப்பா?

உங்களுக்கு வேர்க்கே. சன்னலை இன்னும் கொஞ்சம் திறங்க. குழித்துறை பாலம் தாண்டியாச்சா? பரவால்ல, வேகமாத்தான் வந்திருக்கான்.

அண்ணாச்சி, ஒரு உதவி. என் நம்பர்னா அவ எடுக்க மாட்டா. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு கால் போட்டுக்கிடட்டுமா? எங்க நிக்கா, உள்ள போயிட்டாளா இல்லையான்னு தெரிஞ்சா போதும். ரொம்ப உபகாரம். லாக்கை எடுத்துட்டுக் குடுங்க. இந்தா, நம்பரை நான் போடுதேன். ஸ்பீக்கர்லயே இருக்கட்டும், பஸ் சத்தத்துல கேக்காது.

ரிங்கு அடிக்கு. அடிக்கு.

எடுத்துட்டா. ஏட்டி, நான்தான். வைக்காத, வைக்காத. நான்தான் ஆமோஸ். உன்னைப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருக்கேன். இந்தா பக்கத்துல வந்துட்டேன். பேசுட்டி.

பாத்தியளா, வைக்கல. மூச்சு விடுதது கேக்குல்லா? அவ மூச்சு எனக்குத் தெரியும்.

கேட்டியளா அண்ணாச்சி, என்ன சொன்னான்னு கேட்டியளா? திஸ் இஸ் ஹிம். பக்கத்துல யாருக்கோ சொல்லுதா, இவருதான் அவருன்னு. என்னைய அறிமுகப்படுத்துதா. கொரல்ல ஒரு நடுக்கம் இல்ல, எவ்வளவு தெளிவாச் சொல்லுதா பாருங்க. எனக்கு அப்பவே தெரியும். எத்தனை இருந்தாலும் புருஷன் இல்லையா. மனசு கேக்குமா?

இப்ப வேற ஒரு பொம்பள பேசுதா. இங்கிலீஷு, வடக்கத்திக்காரி போல. வேர் ஆர் யூன்னு கேக்கா. எஸ் மேடம். ஐ ஆம் இன் த பஸ் மேடம். ஹஸ்பெண்ட், எஸ், எப்சிபா ஹஸ்பெண்ட். கவர்மென்ட் பஸ் மேடம். வள்ளியூர் டு திருவனந்தபுரம். பஸ் நம்பரா? ஏ கண்டக்டர், வண்டி நம்பர் என்னப்பா? மேடம் கேக்காவ. சொல்லு, ஏர்போர்ட்டுல இருந்து கேக்காவ.

சட்டை கலர் கேக்காவ அண்ணாச்சி. புளூ மேடம். புளூ ஷர்ட், பிளாக் பேகு. எஸ், ஆன் மை லேப். ஆள் அனுப்புதாவ போல, கார்ல கூட்டிட்டுப் போறதுக்கு. நான் எவ்வளவு கோவத்துல வந்தேன், பாருங்க, ஒரு வார்த்தையில இறங்கிட்டு. வெயிட் மேடம், ஒன் மினிட்.

அடுத்து எங்க நிக்கும்னு கேக்காவ. எனக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்பு பேரு தெரியாது. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இந்தாங்க போனு. எதுக்கு எந்திரிக்கிய, உக்காந்தே சொல்லுங்க.

களியக்காவிளையா? அங்க நிப்பானா? அப்போ அங்கயே நிக்கட்டும், சொல்லிருங்க. நல்ல டீக்கடை இருக்கும்பாவ. கார் வாற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இறங்கி ஒரு டீ குடிப்போம். பொறவு நீங்களும் எங்ககூட கார்லயே வந்துருங்க.